காப்புக்காட்டின் ஊடே உயர்மின் பாதை: ஆவணங்களைப் படித்து ஆட்சேபம் எழுதும் முறை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் உயர்மின் கோபுரம் பற்றிய பேச்சு எழுந்தால், அது பெரும்பாலும் பட்டா நிலத்தின் இழப்பீட்டில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடும். கோபுரம் யாருடைய கொல்லையில் நிற்கிறது, கம்பி எத்தனை தென்னையின் மேல் போகிறது, சென்ட்டுக்கு என்ன தொகை என்று கேட்க உரியவர்கள் இருக்கிறார்கள். அதே பாதை காப்புக்காட்டுக்குள் நுழைந்து மறுபுறம் வெளிவரும் சில கிலோமீட்டருக்குக் கேள்வி கேட்க ஆள் இருப்பதில்லை. இந்த வழிகாட்டி அந்தச் சில கிலோமீட்டரைப் பற்றியது மட்டுமே.

இந்தக் கேள்வி இங்கே இனி அடிக்கடி எழும். ஓசூர், சூளகிரி, போச்சம்பள்ளித் தொழிற்பேட்டைகளின் மின்தேவை கூடிக்கொண்டே போகிறது. தூத்துக்குடிப் பகுதியிலிருந்து கர்நாடகத்தின் மதுகிரிக்குச் செல்லும் 765 கிலோவோல்ட் பாதையும் தருமபுரித் துணைமின் நிலையத்தைத் தொட்டே போகிறது. மறுபக்கம், 2014இல் அறிவிக்கப்பட்ட காவேரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் 504.33 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்ட காவேரி தெற்குச் சரணாலயம் 686.406 சதுர கிலோமீட்டர். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்து வரைபடத்தை விரித்துப் பார்த்தால், மேற்கே காவிரியை நோக்கி நீளும் எந்தப் பாதையும் இந்தக் காடுகளைத் தொடாமல் போவது எவ்வளவு கடினம் என்பது புரியும்.

பொது விசாரணைக்குக் காத்திருக்க வேண்டாம்

கிரானைட் குவாரிகள் நிறைந்த மாவட்டம் என்பதால், கருத்துக்கேட்புக் கூட்டம் என்றால் என்னவென்று கிருஷ்ணகிரிக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாளிதழில் அறிவிப்புத் தரும், பந்தல் போடுவார்கள், ஆட்சியர் தலைமையில் பேசலாம் என்ற எதிர்பார்ப்பு மின்பாதைக்கும் இருக்கிறது. அது நடக்காது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் அட்டவணையில் மின்கடத்தும் பாதைகள் இடம்பெறவே இல்லை. ஆகவே முன் சுற்றுச்சூழல் அனுமதியும் வேண்டாம், அதையொட்டிய பொது விசாரணையும் வேண்டாம். என் கணிப்பில், இந்த ஒரு விஷயம் தெரியாததால் வீணாகும் மாதங்களே அதிகம்.

ஆனால் ஆய்வே இல்லை என்று பொருளல்ல. அது பந்தலில் நடப்பதற்குப் பதிலாகக் கோப்பில் நடக்கிறது. பாதை செல்லும் நிலத்தின் வகையைப் பொறுத்து மூன்று தனித்தனிக் கோப்புகள் ஓடும். காப்புக்காடு முதலான வனநிலம் எதுவாயினும், 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டத்தின் 2ஆம் பிரிவின்படி ஒப்புதல் பெற வேண்டும். 2023 திருத்தத்துக்குப் பிறகு அச்சட்டம் ‘வன் சம்ரக்ஷண் ஏவம் சம்வர்தன் அதிநியம்’ என்ற பெயரில் வழங்குவதால், ஆவணங்களில் இந்தப் பெயரைக் கண்டு வேறு சட்டம் என்று குழம்ப வேண்டாம். நிலம் சரணாலயத்துக்குள் இருந்தால், 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இன்னொரு கோப்பு தலைமை வன உயிரினக் காப்பாளர், மாநில வன உயிரின வாரியம் வழியாக தேசிய வன உயிரின வாரியத்தின் நிலைக்குழு வரை போக வேண்டும். மூன்றாவது, காட்டைச் சார்ந்து வாழ்வோரின் உரிமைகளை அங்கீகரிக்கும் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தொடர்பானது. பட்டா நிலத்துக்கான மின்சாரச் சட்ட நடைமுறை இவற்றில் சேராது; அதில் கிடைக்கும் இழப்பீட்டு உத்தரவு காட்டுக்குள் பாதை போக அனுமதி ஆகிவிடாது.

கோப்பை எங்கே காண்பது

ஒன்றிய அரசின் ‘பரிவேஷ்’ இணையதளம் 2018இல் தொடங்கப்பட்டது. வன அனுமதிக்கும் வன உயிரின அனுமதிக்கும் விண்ணப்பங்கள் இதன் வழியாகவே செல்கின்றன. மாநிலம், மாவட்டம், திட்ட வகை ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்தால் விண்ணப்பத்தையும் இணைப்புகளையும் காணலாம். மின்வாரியம் என்று மட்டும் தேடினால் சில நேரம் ஒன்றும் வராது. மாநிலத்துக்குள்ளான உயரழுத்தப் பாதைகளுக்கு டான்டிரான்ஸ்கோ என்ற மாநில மின்கடத்தும் கழகமும், மாநிலங்களுக்கிடையிலான பாதைகளுக்கு ஒன்றிய அரசின் பவர்கிரிட்டோ தனியார் மின்கடத்தும் நிறுவனமோ விண்ணப்பதாரராக இருக்கும். எனவே பெயரை மாற்றிப் போட்டுத் தேடுங்கள்.

விண்ணப்பத்தில் முதலில் இறக்க வேண்டியது ‘கே.எம்.எல்.’ கோப்பு. அதைக் கைப்பேசியில் உள்ள கூகுள் எர்த்தில் திறந்தால், பாதை செல்லும் கோடு செயற்கைக்கோள் படத்தின் மேல் அப்படியே விழும். உங்கள் ஊர் ஏரி, மாரியம்மன் கோயில், யானை இறங்கும் ஓடை, எல்லாவற்றையும் அந்தக் கோட்டோடு ஒப்பிடலாம். இதைச் செய்தபின் ஊரில் நடக்கும் பேச்சின் தரமே மாறிவிடும். ‘காட்டு வழியா ஏதோ லைன் வருதாம்’ என்பது போய், ‘இந்த ஓடையை இந்த இடத்தில் தாண்டுகிறது’ என்று சொல்ல முடியும்.

அடுத்து விண்ணப்பத்தின் பாகங்களைப் பிரித்துப் படியுங்கள். முதல் பாகத்தை விண்ணப்பிக்கும் நிறுவனம் நிரப்புகிறது: எதற்காகக் காடு தேவை, எத்தனை எக்டேர், என்னென்ன மாற்றுப் பாதைகள் பரிசீலிக்கப்பட்டன என்பவை அதில் இருக்கும். மாவட்ட வன அலுவலர் எழுதும் பாகம்தான் நம் கவனத்துக்கு உரியது. காட்டின் அடர்த்தி, வெட்டப்படும் மரங்களின் இனவாரி, சுற்றளவுவாரிக் கணக்கு, அப்பகுதி சரணாலயமா, யானை வழித்தடமா, அரிய உயிரினங்கள் உள்ளனவா என்ற கேள்விகளுக்கான விடை, கள ஆய்வு அறிக்கை, இறுதியாகப் பரிந்துரை ஆகிய அனைத்தும் அங்கேதான் வருகின்றன. அதற்கு மேலே உள்ள அலுவலகங்கள் பெரும்பாலும் இந்தப் பாகத்தை வைத்தே முடிவெடுக்கின்றன. சாலை, குழாய் போல நீண்டு செல்லும் ‘நீள்வடிவத் திட்டங்கள்’ என்ற வகையில் மின்பாதைகளின் வன அனுமதிக் கோப்பு, மாநில அரசின் பரிந்துரையோடு சென்னையிலுள்ள ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் மண்டல அலுவலகத்துக்குச் செல்லும்.

இணையத்தில் கிடைக்காததைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். ‘மின்பாதை குறித்த அனைத்து விவரங்களும் தருக’ என்று எழுதினால், ‘தகவல் தெளிவாகக் குறிப்பிடப்படவில்லை’ என்று ஒரு வரியில் பதில் வரக்கூடும். ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும்: கள ஆய்வு அறிக்கையின் நகல், மரக் கணக்கெடுப்புப் பட்டியல், மாற்றுப் பாதைகளைக் காட்டும் வரைபடம், வன உரிமைச் சட்டம் தொடர்பாக ஆட்சியர் அளித்த சான்றிதழ் ஆகியவை. 10 ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு. பதில் வராவிட்டாலோ திருப்தி தராவிட்டாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ஒரே மனுவில் வனத்துறையையும் மின் நிறுவனத்தையும் ஆட்சியர் அலுவலகத்தையும் சேர்க்காமல் மூன்று மனுக்களாகப் போடுவது நல்லது. மூன்று பதில்களும் ஒன்றுக்கொன்று முரண்படும் இடம் நம் ஆட்சேபத்துக்கு உதவும்.

பெருக்கல் கணக்கு ஒன்று

ஒன்றிய அமைச்சகம் 2014 மே மாதம் வெளியிட்ட வழிகாட்டுதலில், காட்டுக்குள் ஒவ்வொரு மின்னழுத்தத்துக்கும் எவ்வளவு அகலம் என்று வரையறுக்கப்பட்டிருக்கிறது. 110 கிலோவோல்ட்டுக்கு 22 மீட்டர், 220க்கு 35, 400க்கு 46, ஒரே கோபுரத்தில் இரு பாதைகளின் கம்பிகள் செல்லும் இரட்டைச் சுற்று 765 கிலோவோல்ட்டுக்கு 67 மீட்டர். ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு 46 மீட்டர் அகலம் என்றால் 4.6 எக்டேர், 67 மீட்டர் என்றால் 6.7 எக்டேர். கூகுள் எர்த்தில் காட்டுக்குள் செல்லும் நீளத்தை அளந்து இந்த அகலத்தால் பெருக்கினால் வரும் பரப்பும், விண்ணப்பத்தில் சொல்லப்பட்ட பரப்பும் ஏறத்தாழ ஒத்துப்போக வேண்டும். 400 கிலோவோல்ட் பாதை 3 கிலோமீட்டர் காட்டுக்குள் போகிறது, ஆனால் கேட்பது 9 எக்டேர் என்றால், மீதி 4.8 எக்டேர் எங்கே போயிற்று என்று கேட்பதற்கு எந்த நிபுணரும் தேவையில்லை. கோபுரத்தின் அடித்தளத்தை மட்டும் கணக்கில் எடுத்திருக்கலாம். அல்லது ஒரு பகுதியை வருவாய் நிலம் என்று காட்டியிருக்கலாம். இரண்டாவதென்றால் அந்தப் புல எண்ணை, கிராம நிலங்களின் வகையைக் காட்டும் ‘அ’ பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கிராம நிர்வாக அலுவலரை அணுகுங்கள்.

அதே வழிகாட்டுதலில் இன்னொரு செய்தியும் உண்டு. மொத்த அகலத்திலும் மரங்களை மொட்டையடிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கம்பிக்கும் கீழே, கம்பி இழுப்பதற்காக 3 மீட்டர் அகலப் பட்டை மட்டும் வெட்டிச் சீர் செய்யலாம். மற்ற இடங்களில் கம்பிக்கும் மரத்துக்கும் இடையே தேவையான இடைவெளி கிடைக்கும்வரை வெட்டினால் அல்லது கிளை கழித்தால் போதும். கம்பி உயரமாகக் கடக்கும் பள்ளத்தாக்கில் அதன் கீழுள்ள மரத்தைத் தொட வேண்டிய தேவையே வராது. மரக் கணக்கெடுப்புப் பட்டியலில் பள்ளத்து மரங்களும் வெட்டும் கணக்கில் சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது இதனால்தான். காவிரியை நோக்கி இறங்கும் ஓடைகளின் கரையில் நிற்கும் நீர்மருதும், ஒகேனக்கல் பக்கத்து வறண்ட சரிவுகளில் நிற்கும் ஆச்சாவும் வெட்டினால் ஒரு தலைமுறையில் திரும்பி வருபவை அல்ல. வெட்டவெளியான பட்டையில் அடுத்த மழைக்கே முளைத்து நிற்பது உண்ணிச்செடியாகத்தான் இருக்கும்.

களத்தில் பார்க்க வேண்டியவை

காகிதத்தைப் படித்தபின் நேரில் பார்ப்பது அவசியம். ஆனால் சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைவது சட்டப்படி குற்றம். நியாயமான ஆட்சேபத்தோடு போனவர் மீதே வழக்குப் பதிவாகும் நிலையை உருவாக்கிக்கொள்ளக் கூடாது. பொதுச் சாலை, காட்டோரப் பட்டா நிலம், கோயில் பாதை ஆகியவற்றிலிருந்து பார்க்க முடிந்ததைப் பாருங்கள். மற்றதற்கு வனச்சரகரிடம் எழுத்துமூலம் கூட்டாய்வு கேளுங்கள். கூட்டாய்வு மறுக்கப்பட்டாலும் அந்த மனுவின் நகலும் ஒப்புகையும் கோப்பில் ஒரு சான்றாக நிற்கும்.

கணக்கெடுப்பு முடிந்த இடத்தில் மரங்களின் பட்டையைச் செதுக்கி வண்ணத்தில் எண் எழுதியிருப்பார்கள். சாலையோரம் தெரியும் இருபது முப்பது மரங்களின் எண்ணையும் இனத்தையும் குறித்துக்கொண்டு பட்டியலோடு ஒப்பிடுங்கள். மார்பளவு உயரத்தில், அதாவது தரையிலிருந்து 1.37 மீட்டரில், சுற்றளவு எடுப்பதே முறை; ஒரு சாதாரணத் தையல் நாடா போதும். முழுப் பட்டியலையும் சரிபார்க்க நம்மால் ஆகாது, வேண்டியதும் இல்லை. பார்த்த முப்பதில் எட்டு தவறாக இருந்தால் மறுகணக்கெடுப்புக் கேட்க அதுவே போதுமான காரணம்.

கோபுரம் நிற்கும் புள்ளிகளைவிட அவற்றுக்குப் போகும் வழிதான் காட்டுக்கு அதிகக் கேடு செய்கிறது என்பது என் கருத்து. கோபுரப் பாகங்களும் சிமென்ட்டும் பறந்து போவதில்லை. டிராக்டரும் ஜேசிபியும் போக ஒரு தடம் போடுவார்கள். பணி முடிந்தபின் அந்தத் தடம் மூடப்படுவதில்லை. விறகுக்கும் மணலுக்கும் வேட்டைக்கும் அதுவே பாதை ஆகிவிடுகிறது. விண்ணப்பத்தில் ‘அணுகுசாலை தேவையில்லை’ என்று எழுதியிருந்தால், பொருள்கள் தலைச்சுமையாகக் கொண்டுபோகப்படுமா என்பதைத் தெளிவுபடுத்தக் கேளுங்கள். ‘ஏற்கெனவே உள்ள வனப்பாதை பயன்படுத்தப்படும்’ என்றிருந்தால், அந்தப் பாதையின் இன்றைய அகலத்தைத் தேதியுள்ள படத்தோடு பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

யானை வழியை நிரூபிப்பது எப்படி

இந்த மாவட்டங்களில் மின்பாதை ஆய்வின் மையம் யானைதான். பன்னேர்கட்டாவிலிருந்து ஜவளகிரி, தளி வழியாக இறங்கும் கூட்டங்கள் தேன்கனிக்கோட்டைக்கும், சானமாவுக்கும், சில ஆண்டுகளில் அதற்கு அப்பாலும் போவதைக் கேழ்வரகு விளையும் காலத்தில் இரவுக் காவல் இருக்கும் எந்த விவசாயியும் சொல்வார். ஆனால் ‘எங்க ஊரில் யானை வரும்’ என்பது மனுவில் எடுபடாது. ‘யானை வழித்தடம் எதுவும் இல்லை’ என்ற ஒரு வரியை மறுக்கத் தேதியும் புல எண்ணும் வேண்டும்.

அவை ஏற்கெனவே வனத்துறையிடமே இருக்கின்றன. யானை பயிரை மிதித்தால் விவசாயி வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டு மனு கொடுக்கிறார். புல எண், பயிர், சேதமான நாள், பரப்பு எல்லாம் அதில் இருக்கிறது. அலுவலர் வந்து பார்த்துச் சான்றளித்த பிறகே தொகை வருகிறது. பாதையின் இருபுறமும் உள்ள கிராமங்களில், கடந்த ஐந்து ஆண்டுகளில் கொடுக்கப்பட்ட பயிர்ச்சேத இழப்பீட்டு மனுக்களின் கிராமவாரி, மாதவாரிப் பட்டியலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். தனிநபர் பெயர்களை நீக்கித் தரச் சொன்னால் மறுக்கக் காரணம் குறையும். கிடைத்த பட்டியலைக் கே.எம்.எல். வரைபடத்தின் மேல் புள்ளிகளாகக் குறித்தால், காட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் யானை கடக்கும் இடம் தானாகவே தெரிந்துவிடும். ஒரே அலுவலகம் ஒரு கோப்பில் யானை மிதித்ததற்கு இழப்பீடு வழங்கி, இன்னொரு கோப்பில் யானை நடமாட்டம் இல்லை என்று சான்றளித்திருந்தால், அந்த முரண்பாட்டைச் சுட்டும் ஒரு பத்தி, பத்துப் பக்க உருக்கத்தைவிட வலுவானது.

மின்சாரத்தால் யானைக்கு நேரும் ஆபத்தைப் பற்றி எழுதும்போது துல்லியம் மிக முக்கியம். 2023 மார்ச் மாதத்தில் தருமபுரி மாவட்டத்தில் இரண்டு நிகழ்வுகள் அடுத்தடுத்து நடந்தன. மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. சில நாட்களில் கம்பைநல்லூர் அருகே கெலவள்ளியில் ஓர் ஆண் யானை கரைமேட்டில் ஏறியபோது தாழ்வாகச் சென்ற மின்கம்பியில் பட்டு இறந்தது. முதலாவது மின்பாதையின் குற்றம் அல்ல. அதையும் சேர்த்து எழுதினால் எதிர்த்தரப்பு அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதையும் தள்ளிவிடும். இரண்டாவதுதான் நமக்கு உரியது.

மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளில், சாலையல்லாத இடத்தில் 11 கிலோவோல்ட் வரையிலான உறையில்லாக் கம்பி தரையிலிருந்து குறைந்தது 4.6 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் அளவு; 33 கிலோவோல்ட்டுக்கு 5.2 மீட்டர், அதற்கு மேல் ஒவ்வொரு 33 கிலோவோல்ட்டுக்கும் 0.3 மீட்டர் கூடும். அந்தக் கணக்கில் 400 கிலோவோல்ட் பாதைக்கு 8.8 மீட்டர் வருகிறது. வளர்ந்த ஆண் யானை துதிக்கையை உயர்த்தினால் 4.6 மீட்டரைத் தாண்டி எட்டும், 8.8 மீட்டரை எட்டாது. எனவே பெரிய கோபுரப் பாதையைப் பற்றி ‘யானை மின்சாரம் தாக்கிச் சாகும்’ என்று எழுதுவதைவிட, அதன் துணைமின் நிலையத்திலிருந்து பிரியும் 33, 11 கிலோவோல்ட் கிளைப் பாதைகள் காட்டோரத்தில் எங்கே போகும், அவை உறையிட்ட கம்பியா, கரை, மேடு உள்ள இடங்களில் உயரம் கூட்டப்படுமா என்று கேட்பதே சரியான கேள்வி. பெரிய பாதைக்குரிய கேள்விகள் வேறு: பணிக்கால இரைச்சல், திறந்துவிடப்படும் காடு, கம்பியில் மோதும் பெரிய பறவைகள்.

கிளைப் பாதையின் தொய்வை அளக்க விரும்புகிறவர்கள் நண்பகலில், கம்பி சூடேறித் தாழ்ந்திருக்கும்போது, தூரத்தில் நின்று கைப்பேசியின் கோண அளவுச் செயலியால் கணக்கிட வேண்டும். கழியையோ தொரட்டியையோ கம்பியருகே உயர்த்தவே கூடாது.

கிராம சபைத் தீர்மானம்

‘கிராம சபை ஒப்புதல் இல்லாமல் பாதை போட முடியாது’ என்று பலரும் உறுதியாகச் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. வனநிலத்தை மாற்றுப் பயன்பாட்டுக்குத் தரும் முன் வன உரிமைச் சட்டப் பணிகள் முடிந்து, கிராம சபை ஒப்புதலும் பெற வேண்டும் என்று 2009 ஆகஸ்டில் ஒன்றிய அமைச்சகம் சுற்றறிக்கை விட்டது. 2013 பிப்ரவரி 5ஆம் தேதி வந்த இன்னொரு கடிதம், பல கிராமங்களைக் கடந்து செல்லும் சாலை, கால்வாய், குழாய், மின்பாதை போன்ற நீள்வடிவத் திட்டங்களுக்கு அந்த ஒப்புதலிலிருந்து விலக்கு அளித்தது. ஆனால் மிகப் பின்தங்கிய பழங்குடிக் குழுக்களின் அங்கீகரிக்கப்பட்ட உரிமைகள் பாதிக்கப்படும் இடத்தில் அந்த விலக்கு பொருந்தாது.

நம் பகுதியில் இந்த விதிவிலக்குதான் முக்கியம். தமிழ்நாட்டில் அப்படி வகைப்படுத்தப்பட்ட ஆறு குழுக்களில் இருளரும் ஒன்று. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலைகளில் இருளர் குடியிருப்புகள் உள்ளன. நீள்வடிவத் திட்டங்களுக்கு ஆட்சியர் தரும் சான்றிதழில், இந்தக் குழுக்களின் உரிமை பாதிக்கப்படவில்லை என்ற கூற்று இருக்கும். அந்தச் சான்றிதழ் எந்தக் குடியிருப்புகளை வைத்து வழங்கப்பட்டது என்று கேளுங்கள். உரிமை கோரிய மனுக்கள் இன்னும் முடிவாகாமல் நிலுவையில் இருந்தால், ‘பணிகள் முடிந்தன’ என்ற சான்று எப்படி வழங்கப்பட்டது என்ற கேள்வியும் எழும். தேன், புளி, சீமாறுப் புல் எடுக்கும் இடங்கள் பாதையில் வருகின்றனவா என்பதை அம்மக்களே சொல்ல வேண்டும். அவர்கள் சார்பில் வேறு யாரோ எழுதும் மனு எளிதில் ஒதுக்கப்படும்.

ஒப்புதல் சட்டப்படி தேவையில்லாத கிராமத்திலும் தீர்மானம் நிறைவேற்றத் தடை இல்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையில் வைக்கலாம். ‘மின்பாதையை எதிர்க்கிறோம்’ என்ற ஒற்றை வரியைவிட, எந்த ஓடை, எந்தப் புல எண், எந்த மாற்று என்று எழுதிய தீர்மானத்துக்கே மதிப்பு. இதற்கிடையே ஒரு சிறு எச்சரிக்கை: காட்டுக்குள் உள்ள குக்கிராமத்துக்கு விளக்கு எரிய வரும் மின்சாரம் வேறு, கடந்து போகும் உயர்மின் பாதை வேறு. முன்னது வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவின்படி, ஒரு எக்டேருக்குள்ளும் எக்டேருக்கு 75 மரங்களுக்கு மிகாமலும் இருந்தால் கிராம சபைப் பரிந்துரையோடு எளிதில் அனுமதிக்கப்படக்கூடியது. இரண்டையும் ஒரே தீர்மானத்தில் எதிர்த்துவிட்டு மலைக்கிராமத்தின் விளக்கைக் கெடுத்துவிடக் கூடாது.

ஆட்சேப மனுவில் எழுத வேண்டியது

மனுவை மாவட்ட வன அலுவலருக்கு முகவரியிட்டு, ஆட்சியர், தலைமை வன உயிரினக் காப்பாளர், சென்னை மண்டல அலுவலகம் ஆகியோருக்கு நகல் அனுப்புங்கள். பதிவு அஞ்சலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பி, திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் ஒரு பிரதியைக் கொடுத்து ஒப்புகைச் சீட்டும் வாங்குங்கள். முதல் வரியிலேயே பரிவேஷ் விண்ணப்ப எண் இருக்க வேண்டும். அது இல்லாத மனு எந்தக் கோப்பிலும் சேராமல் தனியாகக் கிடக்கும்.

மனுவின் உயிர்நாடி மாற்றுப் பாதை. காட்டைத் தவிர வேறு வழியே இல்லை என்றும், கேட்கப்படும் நிலம் தேவைப்படும் குறைந்தபட்ச அளவே என்றும் நிறுவனம் காட்ட வேண்டும். விண்ணப்பங்களில் பெரும்பாலும் மூன்று மாற்றுகள் காட்டப்படுவதைக் காணலாம். அவற்றில் இரண்டு, வேண்டுமென்றே நீளமாகவும் செலவு மிகுந்ததாகவும் வரைந்தவை போலத் தோன்றும். அவற்றின் நீளம், காட்டுக்குள் செல்லும் நீளம், பாதை திரும்பும் இடங்களில் நிற்கும் கோணக் கோபுரங்களின் எண்ணிக்கை ஆகியவற்றை ஒப்பிட்டு எழுதுங்கள். அதோடு, மாற்று என்பது இன்னொரு கோடு மட்டுமல்ல. ஏற்கெனவே காட்டின் வழியாகப் போகும் பழைய பாதை இருந்தால், அதன் கோபுரங்களிலேயே அதிக மின்சாரம் தாங்கும் குறைந்த தொய்வுக் கம்பியை மாற்றலாமா, பழைய பாதையின் அகலத்திலேயே பல சுற்றுக் கோபுரம் நிறுத்தலாமா என்று கேட்கலாம். புதுக் காடு திறக்கப்படாமல் மின்தேவை தீரக்கூடிய வழி இதுதான். இதற்கு ‘தொழில்நுட்ப ரீதியாகச் சாத்தியமில்லை’ என்று மட்டும் பதில் வந்தால் அதன் கணக்கீட்டைக் கேளுங்கள்.

சரணாலயப் பகுதியாக இருந்தால் வன உயிரினச் சட்டத்தின் 29ஆம் பிரிவை மேற்கோள் காட்டுங்கள். வாழிடத்தை அழிக்கவோ மாற்றவோ தரப்படும் அனுமதி, வன உயிரினத்தின் நலனுக்கும் மேம்பட்ட பராமரிப்புக்கும் தேவை என்று மாநில அரசு கருதினால் மட்டுமே வழங்கப்படலாம் என்பது அப்பிரிவின் சாரம். மின்பாதை எந்த வகையில் வன உயிரினத்துக்கு நன்மை என்பதை விளக்கும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது. காட்டின் இழப்புக்கு ஈடாக விண்ணப்பதாரர் கட்டும் நிகழ்கால மதிப்புத் தொகை சரணாலயத்தில் ஐந்து மடங்கு வசூலிக்கப்பட வேண்டும் என்பது 2008இல் உச்ச நீதிமன்றம் வகுத்தது. அந்தக் கணக்கு சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பாதை எப்படியும் வந்துவிடும் என்று தோன்றினாலும் நிபந்தனைகளை நாமே எழுதித் தருவது பயனுள்ளது. இரவுப் பணி கூடாது, காட்டுக்குள் தொழிலாளர் முகாம் கூடாது, யானை கடக்கும் மாதங்களில் பணி நிறுத்தம், ஓடைக்கரையில் கோபுரம் கூடாது, கம்பியில் பறவைகளுக்குத் தெரியும் குறியீடுகள், பணி முடிந்தபின் தடத்தை அகழியிட்டு மூடுதல், உண்ணிச்செடியை ஆண்டுதோறும் அகற்றுதல். ஒவ்வொன்றுக்கும் யார் பொறுப்பு, யாரிடம் அறிக்கை தர வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். பொறுப்பாளர் இல்லாத நிபந்தனை நிறைவேறாது.

எப்போது எழுதுவது

வன அனுமதி இரண்டு கட்டமாக வரும். முதற்கட்டக் கொள்கை அளவிலான ஒப்புதல், பிறகு நிபந்தனைகள் நிறைவேறியபின் இறுதி ஒப்புதல். இறுதி ஒப்புதலுக்குக் காலம் இருக்கிறது என்று காத்திருப்பவர்கள் ஏமாறுவார்கள். நீள்வடிவத் திட்டங்களுக்கு மட்டும், முதற்கட்ட ஒப்புதலுக்குப் பிறகு உரிய தொகைகளைச் செலுத்தினால் மரம் வெட்டவும் பணி தொடங்கவும் அனுமதிக்கும் சலுகை உள்ளது. ஆகவே மாவட்ட வன அலுவலரின் மேசையில் கோப்பு இருக்கும்போதே மனு அங்கே சேர வேண்டும். காட்டின் இருபுறமும் பட்டா நிலத்தில் கோபுரங்கள் எழும்பத் தொடங்கினால், அவற்றைத் தேதியோடு படமெடுத்து உடனே தெரிவியுங்கள். இருமுனையும் கட்டி முடித்துவிட்டு ‘நடுவில் இவ்வளவுதான் பாக்கி’ என்று அனுமதி கேட்பது பழைய உத்தி.

அனுமதி வழங்கப்பட்டுவிட்டால், வனப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழான உத்தரவை எதிர்த்துச் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை ஏற்கப்படலாம், அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் வன உரிமைச் சட்டமும் அத்தீர்ப்பாயத்தின் அட்டவணையில் இல்லாததால், அவை பற்றிய குறைகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட வேண்டியிருக்கும். இரண்டில் எங்கே போவது என்பதை வழக்கறிஞரோடு முடிவு செய்யும்போது, உத்தரவின் தேதி, அது பரிவேஷ் தளத்தில் ஏறிய தேதி, உங்களுக்குத் தெரியவந்த தேதி, முன்னர் கொடுத்த மனுக்களின் ஒப்புகைகள் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துச் செல்லுங்கள்.